ஒரே செயின்வீல், தினமும் ஓடும் சைக்கிள்: எத்தனை பல் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பல வருடங்களாக வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களின் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டித் தருவதும் உண்டு. ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் பல் எண்ணிக்கையைப் பற்றித்தான் இருக்கும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் 700சி என்னும் பெரிய அளவுச் சக்கரம், 32 மி.மீ. டயர் உள்ள சைக்கிளுக்கு. அந்தச் சக்கரம் ஒருமுறை உருண்டால் சுமார் 2.15 மீட்டர் போகும்.

முன்னால ஒரே சக்கரம்னா கியர் இல்லாத சைக்கிள்னு அர்த்தமா?

அப்படி இல்லை. பெடலோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரத்தைத்தான் செயின்வீல் என்கிறோம். அது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் பின்னால் என்ன இருக்கிறது என்பது தனி விஷயம். பழைய சைக்கிள் மாதிரி ஒரே பிரீவீல், அதாவது மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தன்போக்கில் சுற்றவிடும் பின் பல்சக்கரம், இருக்கலாம். ஏழெட்டுப் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கலாம். கியர் முழுக்க ஹப்புக்குள்ளேயே, அதாவது சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே, அடங்கியும் இருக்கலாம். மூன்றைப் பற்றியும் கீழே வரும். முதல் சில கேள்விகள் பின்னால் ஒரே பிரீவீல் வைத்திருப்பவர்களுக்கு. ஆனால் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

44-16ன்னு கடைக்காரர் சொல்றார். அது என்ன?

செயின்வீலில் 44 பல், பிரீவீலில் 16 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் செயின் 44 பல் நகரும், அதற்குள் பின்சக்கரம் 44-ஐ 16-ஆல் வகுத்தால் வரும் 2.75 சுற்று சுற்றிவிடும். அதை 2.15 மீட்டரால் பெருக்கினால் 5.9 மீட்டர். பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு சைக்கிள் போகும் தூரம் இது. இந்த மீட்டர் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

பல் எண்ணும்போது ஒரு பல்லின்மேல் சாக்பீஸால் புள்ளி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். புள்ளி இல்லாமல் எண்ணினால் எங்கே தொடங்கினோம் என்பது தெரியாமல் ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். சில செயின்வீல்களின் பக்கவாட்டில் எண்ணை அச்சடித்தே இருப்பார்கள், துணியால் கிரீஸைத் துடைத்துப் பாருங்கள். சிலர் கியரை இஞ்சில் சொல்வார்கள். செயினே இல்லாமல் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்த அந்தக் கால சைக்கிளில் சக்கரத்தின் விட்டம்தான் கியர். அந்தப் பேச்சு இன்றைக்கும் தொடர்கிறது. பல் விகிதத்தைச் சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கினால் அந்த இஞ்ச் கணக்கு வரும்.

இத்தனை பல் வச்சா எவ்வளவு வேகம் வரும்?

அது நீங்கள் நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரணமாக வேலைக்குப் போகிறவர் 60 முதல் 80 சுற்று மிதிப்பார். உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ள, சமதளத்தில் சுகமாக ஓட்டும்போது வலது முழங்கால் மேலே வருவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

75 சுற்று என்று வைத்துக்கொண்டால் 42-18 மணிக்கு 22.6 கி.மீ. தரும். 42-16 தருவது 25.4 கி.மீ. 46-16 என்றால் 27.8 கி.மீ. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் ஐந்து கிலோமீட்டர்தான். எட்டு கிலோமீட்டர் பயணத்தில், ஒரு சிக்னல்கூட இல்லாமல், முழு வழியும் அதே வேகத்தில் மிதித்தால் நான்கு நிமிடம் மிச்சமாகும். நம் ஊர் சாலையில் அந்த நான்கு நிமிடம் கைக்கு வராது.

சென்னை சமதளம்தானே? பெரிய கியர் போட்டா என்ன?

நான் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டேன். முதல் சைக்கிளில் 46-16 வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்குக் காலியான சாலையில் அது அருமையாக இருக்கும். மாலையில் துரைசாமி சுரங்கப்பாதைக்கு வந்தால்தான் தெரியும். இறங்கி வந்த வேகம் முழுவதும் அடியில் நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் போய்விடும். முன்னால் ஆட்டோ நகர்ந்ததும், நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் கிளப்ப வேண்டும். வலது பெடலை மேலே கொண்டுவந்து, சீட்டை விட்டு எழுந்து, முழு உடம்பையும் அதன்மேல் போட்டால்தான் சக்கரம் அசையும். அந்த நேரத்தில் ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுக்கும். பக்கத்தில் ஒரு கை தூரத்தில் பைக் இருக்கும், பின்னால் பஸ் இருக்கும்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கியரை உங்கள் வழியின் மிக மோசமான நூறு மீட்டரை வைத்து, அதுவும் மாலையில் களைத்து வரும் நேரத்தை நினைத்து முடிவு செய்யுங்கள். நின்ற இடத்திலிருந்து, சீட்டில் உட்கார்ந்தபடியே, நேராகக் கிளப்ப முடிகிற கியர்தான் ஊருக்குள் பாதுகாப்பானது. சமதளத்தில் கொஞ்சம் வேகமாக மிதிக்க வேண்டியிருந்தால் ஒன்றும் குறையாது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எந்த எண் வாங்கறது?

பின்னால் ஒரே பிரீவீல், 700சி சக்கரம், சமதள ஊர் என்றால் 42-18 அல்லது 44-18. பெடல் ஒரு சுற்றுக்கு 5 முதல் 5.3 மீட்டர் வரும். இள வயது, தினமும் ஓட்டிப் பழகிய கால், வழியில் பாலமே இல்லை என்றால் 42-17 போகலாம். அதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை.

அப்பாவின் பழைய கம்பி சைக்கிளில் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: முன்னால் 44, பின்னால் 18. சக்கரம் 28 இஞ்ச் என்பதால் தூரம் கொஞ்சம் கூடும், சுமார் 5.4 மீட்டர். அந்த சைக்கிளில்தான் அரிசி மூட்டையும் வந்தது, கேரியரில் உட்கார்ந்து நானும் பள்ளிக்கூடம் போனேன். வேலை செய்கிற சைக்கிளுக்கு வேலை செய்கிற கியர்.

மேம்பாலம் ஏறும்போது மூச்சு முட்டுது. கியர் சரியில்லையா, நான் சரியில்லையா?

பெரும்பாலும் கியர்தான். நம் மேம்பாலங்கள் பொதுவாக நூறு மீட்டருக்கு மூன்று நான்கு மீட்டர் ஏறும். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்றால், நான்கு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. போக சுமார் 120 வாட் பலம் வேண்டும். அது சாதாரண உடம்புக்கு முடிகிற பலம். 15 கி.மீ. வேகத்தில் ஏற நினைத்தால் 190 வாட்டுக்கு மேல் போகும். அது எல்லோருக்கும் முடியாது.

சிக்கல் இங்கேதான். மெதுவாக 10 கி.மீ.யில் ஏறலாம் என்றால் 46-16 கியரில் நிமிடத்துக்கு 27 சுற்றுதான் வரும். அந்த வேகத்தில் பெடல் மேல் உச்சியைத் தாண்டவே தாண்டாது, நின்றுவிடும். நிற்காமலிருக்க வேகமாக ஏற வேண்டியிருக்கிறது, வேகமாக ஏறுவதால் மூச்சு முட்டுகிறது. 42-18 வைத்தால் அதே வேகத்தில் 33 சுற்று. சுகமில்லைதான், ஆனாலும் முடியும். தினமும் இரண்டு மூன்று பாலம் ஏற வேண்டியவருக்குப் பின்னால் 20 பல் வைக்கச் சொல்வேன். அல்லது கியர் உள்ள பின்சக்கரத்துக்கு மாறலாம்.

எங்க ஊர்ல ஏற்றமே இல்ல, காத்துதான். காத்துக்கும் கியர் மாத்தணுமா?

மாற்றத்தான் வேண்டும். மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்றில் 20 கி.மீ. வேகத்தில் போவது ஏறக்குறைய மூன்று சதவீத ஏற்றம் ஏறுவதற்குச் சமம். பாலத்துக்காவது உச்சி என்று ஒன்று உண்டு, அதன்பின் இறக்கம் வரும். எதிர்காற்று வீட்டு வாசல்வரை கூட வரும்.

கோவையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றில் ஓட்டியவர்களுக்கு இது புரியும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று அதே காற்றுதான். சென்னையில் பிற்பகலுக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும். கிண்டியில் வேலை முடித்து பெசன்ட் நகருக்குத் திரும்புகிறவர் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். உங்கள் திரும்பும் வழி காற்றுக்கு எதிரே என்றால், முன்பு சொன்ன எண்ணில் பின்னால் ஒரு பல் கூட்டுங்கள்.

டயர் மாத்தினா கியரும் மாறுமா? என்னோடது 20 இஞ்ச் மடக்கு சைக்கிள்.

மாறும். 32 மி.மீ. டயரை 40 ஆக்கினால் தூரம் இரண்டு சதவீதம் போலக் கூடும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் 20 இஞ்ச் சக்கரம் ஒரு உருளலுக்கு சுமார் 1.5 மீட்டர்தான் போகும். அதனால்தான் மடக்கு சைக்கிள்களில் 52 பல் என்று பெரிய செயின்வீலைப் பார்க்கிறீர்கள். 52-16 வைத்தால் 4.9 மீட்டர். அதாவது பெரிய சக்கரத்தில் 42-18 வைத்ததை ஒட்டிய கியர். செயின்வீலின் அளவைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், அதே எண்ணைப் பெரிய சக்கரத்தில் வைக்கவும் வேண்டாம்.

மாத்தணும்னா முன்னாடி மாத்தறதா, பின்னாடி மாத்தறதா?

பின்னால். பிரீவீல் விலை குறைவு, வேலையும் சின்னது. பின்னால் ஒரு பல் மாற்றினால் கியர் ஆறு சதவீதம் போல மாறும். முன்னால் அதே மாற்றத்துக்கு இரண்டு மூன்று பல் மாற்ற வேண்டும். பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க். அதை அச்சோடு இறுக்கும் ஆப்பான காட்டர் பின் போட்ட பழைய கிராங்க் என்றால் செயின்வீலும் வலது கிராங்கும் ஒன்றாகவே இருக்கும், முன்னால் மாற்றுவதென்றால் கிராங்கையே மாற்ற வேண்டும். சின்னச் சின்னதாகச் சரிசெய்ய ஆசைப்படுகிறவர்கள் மட்டும் போல்ட் போட்ட செயின்வீலில் விளையாடலாம்.

பிரீவீலைக் கழற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். மிதிக்க மிதிக்க அது ஹப்பில் இறுகிக்கொண்டே போகும். கழற்றும் கருவியை வைஸ் என்னும் இறுக்கியில் பிடித்து, அதன்மேல் சக்கரத்தை வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருப்புங்கள். ஸ்பேனரோடு மல்லுக்கட்டினால் கருவி நழுவி, பிரீவீலில் அது மாட்டும் வெட்டு உடையும், அப்புறம் பிரீவீலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

பல் மாத்தினா செயினும் புதுசா வாங்கணுமா?

ஒரு பல் கூடினால் பின் அச்சு சுமார் 3 மி.மீ. முன்னால் வரும், குறைந்தால் அதே அளவு பின்னால் போகும். முன்னால் மாற்றினாலும் பின்னால் மாற்றினாலும் இதுவே கணக்கு. பின்சக்கரம் உட்காரும் காடி நீளமாக இருந்தால் ஒன்றிரண்டு பல் மாற்றத்துக்குச் செயினைத் தொடவே வேண்டாம். நான்கு பல் மாறினால் 12.7 மி.மீ. வரும், அங்கே செயினில் ஒரு ஜோடிக் கண்ணி கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் அப்போதே பாருங்கள். ஒரு பின்னில் தொடங்கி 24 கண்ணியை அளந்தால் புதுச் செயின் சரியாக 12 இஞ்ச் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் கூடியிருந்தாலே மாற்றுவது நல்லது. எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் அந்தச் செயின் பல்லையும் தின்றிருக்கும். தேய்ந்த பிரீவீலில் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது தாவும். சிக்னலில் கிளப்பும்போது அப்படித் தாவினால் ஆள் விழுந்துவிடுவார், இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பின்னால ஏழெட்டு கியர் இருக்கு. முன்னால ஒண்ணுன்னா எத்தனை பல்?

முதலில் பெரிய பின்பல்லைப் பாருங்கள். 14-28 உள்ள, அதாவது பின்னால் சின்னது 14 பல்லும் பெரியது 28 பல்லும் உள்ள, ஏழு கியர் பிரீவீலோடு முன்னால் 42 வைத்தால், கடைசி லேசான கியரில் 60 சுற்றுக்கு மணிக்கு 11.6 கி.மீ., கனமான கியரில் 75 சுற்றுக்கு 29 கி.மீ. சென்னைக்கு இது போதும். 11-32 உள்ள எட்டு கியர் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) என்றால் அதே 42-க்கு லேசான பக்கம் 10.2 கி.மீ., 38 வைத்தால் 9.2 கி.மீ.

பெரிய செயின்வீல் வைத்தால் தினமும் ஓடும் கியர் கேசட்டின் நடுப்பல்லில் விழும். 11-32 கேசட்டில் 42 வைத்தால் 18 பல்லில் ஓடுவீர்கள், செயின் நேராக இருக்கும், தேய்மானம் குறையும். 38 வைத்தால் பெரும்பாலும் 15-க்குப் போவீர்கள், செயின் கொஞ்சம் சாய்ந்தே ஓடும். சமதள ஊருக்கு 42, பாலமும் காற்றும் உள்ள வழிக்கு 38 என்பது என் முடிவு. 14-34 என்று ஒரு ஏழு கியர் பிரீவீல் வருகிறது, அதில் 24-க்கு அடுத்தது நேராக 34. அந்தத் தாவல் பெரியது, ஆனால் வழியில் ஒரே ஒரு கொடுமையான ஏற்றம் உள்ளவர்களுக்கு அதுவே வரம்.

நான் ஊட்டில இருக்கேன். இதெல்லாம் எனக்கு ஒத்து வருமா?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்றால் மேலே சொன்ன எண்களை விட்டுவிடுங்கள். உங்களுக்கு முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாகவோ, குறைந்தது சமமாகவோ இருக்க வேண்டும். 32 செயின்வீல், 34 பின்பல் என்றால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர். 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7 கி.மீ.யில் எட்டு சதவீத ஏற்றம் ஏறலாம். இறக்கத்தில் மிதிக்கத் தேவையே இல்லை, அங்கே பிரேக்கைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரே பிரீவீலோடு மலையில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937-க்கு முன்னால் டெரெய்லருக்கு, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கருவிக்கு, அனுமதி இல்லை. ஹப்பின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பல் பூட்டிக்கொண்டு வருவார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறுவார்கள். அப்படிப்பட்ட ஹப் இப்போதும் கிடைக்கிறது. வார நாளுக்கு ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூணு செயின்வீல் இருக்கற சைக்கிள்ல ரெண்டைக் கழட்டிட்டு ஒண்ணு வச்சா போதுமா?

போதும், ஆனால் மூன்று வேலை சேர்ந்து வரும். ஒன்றை மட்டும் விட்டால் பழைய போல்ட் நீளமாக இருக்கும், குட்டை போல்ட் வாங்க வேண்டும். செயினைக் குறைக்க வேண்டும். மூன்றாவது, செயின் கழன்று விழாமல் பார்க்க வேண்டும். முன்னால் இருந்த டெரெய்லர் கூண்டு அதைப் பிடித்து வைத்திருந்தது, இனி அது இல்லை.

2012-இல் ஸ்ராம் நிறுவனம் ஒரு தடித்த பல், ஒரு மெல்லிய பல் என்று மாற்றி மாற்றி வைத்த செயின்வீலைக் கொண்டுவந்தது. செயினின் அகலக் கண்ணியில் தடித்த பல்லும் குறுகிய கண்ணியில் மெல்லிய பல்லும் உட்காரும், குலுங்கினாலும் எளிதில் கழலாது. இப்போது பல நிறுவனங்கள் அதே மாதிரி செய்கின்றன. நம் ஊர் வேகத்தடைகளுக்கு அதை வாங்கிப் போடுவது நல்லது. கியர் மாற்றுவதற்காகச் செய்த பழைய சாதாரணச் செயின்வீலையே விட்டுவைத்தால் இரண்டு பக்கமும் காப்புத் தகடு வேண்டும்.

ஹப்புக்குள்ள கியர் இருக்கற சைக்கிளுக்கு எப்படிக் கணக்குப் போடறது?

பல் விகிதத்தோடு ஹப்பின் விகிதத்தையும் பெருக்க வேண்டும். ஷிமானோ நெக்சஸ் மூன்று கியர் ஹப்பில் அது 0.733, 1, 1.364. ஸ்டர்மி-ஆர்ச்சரின் பழைய ஏ.டபிள்யூ ஹப்பில் முக்கால், ஒன்று, ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். நடுக் கியரைச் சமதளத்துக்கு வைக்கலாம் என்றுதான் பலர் நினைப்பார்கள். நான் நடுக் கியரை எதிர்காற்றுக்கும் நெரிசலுக்கும் வைக்கச் சொல்வேன். 42-20 வைத்தால் 75 சுற்றுக்கு மணிக்கு 15, 20, 28 கி.மீ. கிடைக்கும்.

இந்த ஹப்பில் நின்றுகொண்டே கியர் மாற்றலாம். சிக்னலில் நின்றபின் லேசான கியருக்குத் தட்டிவிட்டுக் கிளப்பலாம். மழைத்தண்ணீரும் மணலும் பாதிப்பதும் குறைவு. தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச பல் விகிதத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள்மேல் முறுக்கு அதிகமாகும்.

48-16 சரியா மூணு வருதே. முழு எண் நல்லதுதானே?

தேய்மானத்துக்கு நல்லதில்லை. கிராங்க் படுக்கையாக இருக்கும் இரண்டு நிலையில்தான் கால் மிகப் பலமாக அழுத்துகிறது. பெடல் ஒரு சுற்றுக்குப் பின்பல் சரியாக மூன்று சுற்று என்றால் அந்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் அதே பற்களில் போய் விழும். 48-17 என்றால் இடம் மாறி மாறி எல்லாப் பல்லும் பங்கிட்டுக்கொள்ளும். பிரீவீல் இல்லாத பிக்ஸட் சைக்கிளில் காலால் சறுக்கி நிறுத்துகிறவர்களுக்கு 48-16 டயரையும் ஒரே இடத்தில் தேய்க்கும். பிக்ஸட் ஓட்டினாலும் முன் பிரேக் இல்லாமல் தெருவில் இறங்காதீர்கள்.

முட்டி வலிக்குது. கியரைக் குறைச்சா சரியாகிடுமா?

முதலில் சீட்டு உயரத்தைப் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளினால் கால் ஏறக்குறைய நேராக வேண்டும். சீட்டு தாழ்ந்திருப்பவர்கள்தான் நிறையப் பேர். அது சரியாக இருந்தும் வலித்தால் கியரைக் குறைத்து, வேகமாகவும் லேசாகவும் மிதித்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள், கியரில் தேட வேண்டாம்.

கேரியர்ல தண்ணி கேன், இல்லன்னா பையன். அதுக்கு எவ்வளவு பல் கூட்டணும்?

20 லிட்டர் கேன் என்றால் 85 கிலோ 105 ஆகிறது, ஏற்றத்தில் கால் பங்குக்கு நெருக்கமாகப் பலம் கூடுதலாக வேண்டும். தினமும் அந்தச் சுமை இருந்தால் பின்னால் இரண்டு மூன்று பல் கூட்டுங்கள், 18 இருந்த இடத்தில் 20. எப்போதாவதுதான் என்றால் கியரைத் தொடாதீர்கள், பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பையன் பின்னால் இருக்கும்போது நின்றுகொண்டு மிதித்து ஆட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மாத்திட்டேன். சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு வாரம் ஓட்டுங்கள், முதல் நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரிய கியரில் பழகிய கால் முதல் இரண்டு நாள் வெறும் காற்றை மிதிப்பது போல உணரும். சனிக்கிழமை மாலை இரண்டு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். சிக்னலில் கிளப்ப எத்தனை முறை சீட்டை விட்டு எழுந்தீர்கள்? சமதளத்தில், காற்றில்லாமல் ஓட்டும்போது, இடுப்பு சீட்டில் துள்ளும் அளவுக்கு எத்தனை முறை மிதிக்க வேண்டி வந்தது?

எழுந்தது அதிகம் என்றால் பின்னால் இன்னும் ஒரு பல் கூட்டுங்கள், துள்ளியது அதிகம் என்றால் ஒரு பல் குறையுங்கள். கழற்றிய பிரீவீலைத் தூக்கிப் போடாமல் துடைத்து, எண்ணெய் தடவி, மேலே பல் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். ஆடி மாதக் காற்றில் கேட்ட கியரைத் தை மாதத்தில் நீங்களே மாற்றச் சொல்வீர்கள்.